கைபேசியில் பணம் வருகிறது, குழாயில் தண்ணீர் வரவில்லை

சோமாலிலாந்தின் தலைநகரான ஹர்கீசாவை உதாரணமாகக் காட்டி, பொருளாதாரம் பேசுகிறவர்கள் சிலர் ஒரு முடிவைச் சொல்வதுண்டு. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக உலக நாடுகளில் மிகப் பெரும்பாலானவை அங்கீகரிக்காத, கஜானாவில் காசில்லாத ஓர் அரசின் கீழ் இந்த நகரம் தன் காலில் எழுந்து நின்றது. ஆகவே உழைக்கும் மக்களும் துணிந்த வணிகர்களும் இருந்தால் போதும், அரசு பெரிதாகத் தேவையில்லை என்பது அவர்கள் வாதம். கேட்கக் கவர்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நகரத்தின் வரலாற்றையும், அங்கே எந்தச் சேவை செழிக்கிறது, எது தடுமாறுகிறது என்பதையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் கிடைக்கும் பாடம் நேர் எதிரானது.

பிரிட்டிஷ் சோமாலிலாந்தின் தலைநகரம் 1941இல் பெர்பெரா துறைமுகத்திலிருந்து ஹர்கீசாவுக்கு மாறியது. 1960 ஜூன் 26 அன்று அந்தப் பகுதி விடுதலை பெற்றது. ஐந்தே நாளில், ஜூலை 1 அன்று, இத்தாலியின் பொறுப்பில் இருந்த தெற்குப் பகுதியோடு இணைந்து சோமாலியக் குடியரசானது. அதிகாரம் தெற்கிலுள்ள மொகதிசுவில் குவிந்தது. 1969இல் ராணுவப் புரட்சி மூலம் ஆட்சியைப் பிடித்த சியாத் பாரேயின் காலத்தில் வடக்கின் மனக்குறை ஆயுதப் போராக வெடித்தது. 1988இல் சோமாலி தேசிய இயக்கத்தின் போராளிகள் ஹர்கீசாவுக்குள் நுழைந்தபோது, அரசின் போர் விமானங்கள் அந்த நகரத்து விமான நிலையத்திலிருந்தே கிளம்பி அந்த நகரத்தின் மீதே குண்டு போட்டன. நகரத்தின் பெரும்பகுதி தரைமட்டமானது. லட்சக்கணக்கானோர் எல்லை தாண்டி எத்தியோப்பியாவின் முகாம்களில் தஞ்சம் புகுந்தார்கள். அந்தப் போரில் வீழ்ந்த மிக் ரகப் போர் விமானம் ஒன்றை இன்று நகரின் நடுவே உயர்ந்த பீடத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். பீடத்தைச் சுற்றிலும் போரின் கொடுமைகள் வண்ணத்தில் தீட்டப்பட்டுள்ளன.

1991 மே மாதத்தில் சோமாலிலாந்து தனி நாடாகத் தன்னை அறிவித்துக்கொண்டது. முகாம்களிலிருந்து திரும்பி வந்தவர்களை வரவேற்றவை கூரையில்லாத சுவர்களும் கண்ணிவெடிகளும்தான். அவர்களுக்கு முதலில் தேவைப்பட்டது வீடோ மின்சாரமோ அல்ல, அமைதி. 1993இல் போரமா நகரில் குலப் பெரியவர்கள் கூடி மாதக்கணக்கில் பேசி, முகமது இப்ராகிம் எகாலைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். பெரியவர்கள் அவைக்கு ஆட்சியில் நிலையான இடம் கொடுத்தார்கள். ஆயுதக் குழுக்களைக் கலைத்துச் சம்பளப் பட்டியலில் சேர்க்க வணிகர்கள் அரசுக்குக் கடன் கொடுத்தார்கள். அரசு வேண்டாம் என்பதற்குச் சாட்சியாக நிறுத்தப்படும் அதே வணிகர்கள், தங்கள் பணத்தைக் கொண்டுபோய் முதலில் போட்டது ஓர் அரசை உண்டாக்கத்தான். அது வலுப்பெறும் முன் என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். விமான நிலையம் யார் கையில் இருப்பது என்ற சச்சரவில் 1994 இறுதியில் மறுபடியும் சண்டை மூண்டது. பாதி எழும்பிய ஹர்கீசாவிலிருந்து மக்கள் இரண்டாம் முறை ஓடினார்கள்.

அமைதி நிலைத்த பிறகு தனியார் செய்தவை உண்மையிலேயே வியப்புக்குரியவை. சந்தைத் தெருக்களில் ஷில்லிங் கட்டுகளைச் செங்கல் அடுக்கியதுபோல அடுக்கி வைத்துக்கொண்டு நாணய மாற்று வியாபாரிகள் திறந்த வெளியில் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு டாலருக்குப் பல ஆயிரம் ஷில்லிங் என்ற நிலையில் பணத்தைப் பையில் சுமக்க வேண்டியிருந்தது. 2009இல் டெலிசோம் நிறுவனம் ‘ஸாட்’ என்ற கைபேசிப் பணச் சேவையைக் கொண்டுவந்த பிறகு, தேநீர்க் கடை முதல் துணிக்கடை வரை கைபேசியில் எண்களைத் தட்டிக் காசு கொடுக்கும் வழக்கம் பரவியது. வெளிநாட்டில் உழைக்கும் சோமாலியர் அனுப்பும் பணம் தஹப்ஷீல் போன்ற நிறுவனங்கள் வழியாக வீடு வந்து சேர்கிறது. இவற்றுக்கெல்லாம் பொதுவான ஒரு தன்மை உண்டு: பயன்படுத்துகிறவரிடம் உடனுக்குடன் கட்டணம் வாங்கிவிடலாம், தராதவருக்குச் சேவையை நிறுத்திவிடலாம்.

தண்ணீரின் கதை வேறு. நகருக்கு வடக்கே கெத் தீப்லே கிணறுகளிலிருந்து குழாய் வழியாக நீர் கொண்டுவரும் திட்டம் 1970களில் சீன உதவியோடு கட்டப்பட்டது. அன்றிருந்த சிறிய ஊருக்குப் போட்ட கணக்கு அது. நகரம் அதன்பின் பல மடங்கு வளர்ந்துவிட்டது. குழாய் எட்டாத பகுதிகளுக்கு லாரியிலும் கழுதை வண்டிப் பீப்பாய்களிலும் நீர் போகிறது. ஏழைக் குடும்பம், குழாய் இணைப்புள்ள குடும்பத்தைவிடக் கூடுதல் விலை கொடுத்துத் தண்ணீர் வாங்குகிறது. தொலைவிலிருந்து நீரைக் கொண்டுவந்து தெருத்தெருவாகக் குழாய் பதிப்பது, பல ஆண்டு பொறுத்திருந்து பலன் காணும் வேலை. அதைத் தனி வியாபாரி எவரும் தம் தலையில் போட்டுக்கொள்ளவில்லை. 2022 ஏப்ரல் 1 இரவு வஹீன் சந்தையில் தீப்பிடித்தபோதும் இதே குறைதான் வெளிப்பட்டது. நெருக்கியடித்த கடைகளுக்கு நடுவே தீயணைப்பு வண்டிகள் உள்ளே போக முடியாமல் திணறின. ஆயிரக்கணக்கானோரின் பிழைப்பு விடிவதற்குள் சாம்பலானது. சந்து அகலமாக இருக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் நல்லது. ஆனால் அதற்காகத் தன் கடையைத் தானே சுருக்கிக்கொள்ளும் வியாபாரி கிடையாது. விதி போட்டு அதைக் காக்கப் பொது அதிகாரம் ஒன்று வேண்டும்.

குண்டு போட்டதே அரசுதானே, அதை எப்படி நம்புவது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. குண்டு போட்டது அந்த நகரத்து மக்களுக்குப் பதில் சொல்லத் தேவையில்லாத ஆட்சி. அதற்கு மாற்று, பதில் சொல்லும் ஆட்சி. ஹர்கீசா மக்கள் 2002, 2012, 2021 என மூன்று முறை நகர்மன்றத்துக்கு வாக்களித்திருக்கிறார்கள். இடைவெளி இவ்வளவு நீண்டது குறைதான், அதைக் கண்டிக்கவும் வேண்டும். பரவலான அங்கீகாரம் இல்லாததால் பெரிய கடன் கிடைக்கவில்லை, நகராட்சியைக் குறை சொல்லி என்ன பயன் என்பது இன்னொரு மறுப்பு. அதில் பாதி உண்மை. உலக வங்கியிடம் நேரடியாகக் கடன் கேட்க முடியாத ஊரில் குழாய் பதிப்பது கடினம்தான். ஆனால் ஐ.நா. குடியிருப்பு அமைப்பின் துணையோடு நகராட்சி செயற்கைக்கோள் படங்களை வைத்து வீடுகளைக் கணக்கெடுத்துச் சொத்து வரி விதித்தபோது, வருவாய் கணிசமாகக் கூடியது. கட்ட வேண்டிய வரி எவ்வளவு என்று தெளிவாகச் சொன்னால் ஏழை நகரமும் கட்டும் என்பதை அது காட்டியது. தனிமனித முயற்சியின் உச்சமாகப் போற்றப்படும் எட்னா அதான் மருத்துவமனைகூட அரசின் துணையில்லாமல் எழவில்லை. எட்னா அதான் இஸ்மாயில் தன் சேமிப்பைக் கொட்டி 2002இல் திறந்த அந்த மகப்பேறு மருத்துவமனைக்கு நிலம் கொடுத்தது அரசு.

ஹர்கீசா மக்களின் உழைப்பை யாரும் குறைத்துப் பேச முடியாது. அந்த உழைப்பைக் காட்டி அரசின் கடமையைத் தள்ளுபடி செய்வதுதான் தவறு. விற்று லாபம் பார்க்கக்கூடியதை வணிகர்கள் அங்கே உலகத் தரத்தில் கொடுத்துவிட்டார்கள். குழாய், சாலை, தீயணைப்பு, ஏழைக்கு வைத்தியம் ஆகியவை இன்னும் காத்திருக்கின்றன. அவற்றை வரி வாங்கி, கணக்குக் காட்டி, தேர்தலில் பதில் சொல்லும் ஒரு நகராட்சியால்தான் கொடுக்க முடியும்.