தலைப்பிரசவம்: வளையல் ஒலியும் மாலை நடையும்

கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் முதல் குழந்தையைச் சுமக்கும் பெண்ணின் நாட்கள், கிராம சுகாதார செவிலியரிடம் கர்ப்பத்தைப் பதிவு செய்வதிலிருந்து தொடங்குகின்றன. ஏழைக் குடும்பங்களுக்கு, முதல் இரு பிரசவங்கள் வரை, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவியைப் பணமாகவும் ஊட்டச்சத்துப் பெட்டகமாகவும் வழங்குகிறது.

ஏழாம் அல்லது ஒன்பதாம் மாதம் வளைகாப்பு நடக்கும். கன்னத்தில் சந்தனம், இரு கைகளிலும் கண்ணாடி வளையல்கள், இலையில் புளியோதரை, எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், தயிர் சாதம், சர்க்கரைப் பொங்கல். பாட்டும் கேலியுமாக நடக்கும் இது முழுக்கப் பெண்களின் விழா. வளையல் ஒலி வயிற்றுக் குழந்தைக்குக் கேட்கும் என்பது பழைய நம்பிக்கை. ஏறத்தாழ ஆறாம் மாதத்தில் சிசு வெளி ஒலிகளுக்கு அசைவதாக மருத்துவமும் சொல்கிறது. அங்கன்வாடிகள் வழியே அரசு சமுதாய வளைகாப்பும் நடத்துகிறது. வளைகாப்பு முடிந்ததும் பெண் பெரும்பாலும் தாய்வீடு செல்வாள்.

மாலையில் கடலூர்ப் பெண்ணுக்கு சில்வர் பீச் காற்று; சிதம்பரத்துப் பெண்ணுக்கு நடராசர் கோயில் பிராகாரத்தில் மெதுநடை. மார்கழி, ஆனித் தேரோட்ட நெரிசலை மட்டும் நிறைமாதக்காரர்கள் தவிர்ப்பது நல்லது.