நொடிகளில் விழுவது, ஆண்டுகளில் எழுவது



பூமி அதிர்வது சில நொடிகளே. அதன் இழப்போ பல்லாண்டுகள் தொடர்கின்றது. 2001 ஜனவரி 26 அன்று குஜராத்தின் கட்ச் பகுதியை 7.7 அளவிலான நிலநடுக்கம் தாக்கியது. 13,800க்கும் அதிகமானோர் மரணித்தனர். அதன் பிறகு அம்மக்கள் வாழ்ந்த வாழ்க்கையிலேயே நமக்கான படிப்பினை உள்ளது.

பிள்ளைகளும் பள்ளிகளும்

அன்று குடியரசு தினம். அஞ்சார் நகரின் குறுகிய தெருவில் அணிவகுத்துச் சென்ற 185 மாணவர்களும் 20 ஆசிரியர்களும் சரிந்த கட்டடங்களின் கீழ் சிக்கி உயிரிழந்தனர். அவர்களுக்கான நினைவிடம் 2022இல்தான் திறக்கப்பட்டது. பள்ளிச் சுவரை மீண்டும் எழுப்பிவிடலாம். காலியான இருக்கைகளை யாரால் நிரப்ப முடியும்?

தொழில்

தமட்கா என்னும் ஊரில் கத்ரி முஸ்லிம்கள் தலைமுறை தலைமுறையாக அஜ்ரக் துணிகளுக்கு அச்சிட்டுச் சாயமேற்றி வந்தனர். நிலநடுக்கம் வீடுகளை இடித்ததோடு நிற்கவில்லை. நிலத்தடி நீரில் இரும்புச் சத்து மிகுந்தது. சாயத்தின் நிறம் கெட்டது. வீட்டைக் கட்டினாலும் நீரின்றித் தொழில் நடக்காதே! ஆகவே பல குடும்பங்கள் புஜ் நகருக்கு அருகே 'அஜ்ரக்பூர்' என்னும் புதிய ஊரையே உருவாக்கின. வேறு சிலர் பழைய ஊரிலேயே தங்கினர். ஒரே ஊர் இரண்டாயிற்று.

மறுகட்டுமானம்

மாநில அரசு வீட்டு உரிமையாளர்களிடமே நிதியைத் தவணைகளாக வழங்கிற்று. கட்டுமானத்தைப் பொறியாளர் சோதித்த பிறகே அடுத்த தவணை கிடைத்தது. உதவியோடு கண்காணிப்பும் சேர்ந்ததால் உறுதியான வீடுகள் எழுந்தன.

நாவலூரில் வாழும் நமக்கு என்ன?

'கட்ச் எங்கே, நாம் எங்கே?' என எண்ணிவிடாதீர்கள். அந்த அதிர்வில் 200 கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்த அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் சரிந்தன. அவற்றுள் பல, வாகனம் நிறுத்துவதற்காகத் தரைத்தளத்தில் சுவரின்றித் தூண்களை மட்டும் கொண்டவை. மேல்தளங்களைச் சுவர்கள் இறுக்கிப் பிடிக்க, அசைவின் சுமை முழுவதும் அத்தூண்கள் மீதே விழுந்தது. இன்று நாவலூரிலும் பழைய மாமல்லபுரம் சாலை நெடுகிலும் இவ்வமைப்பைக் காண்கிறோம்.

2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரி அருகே கடலில் ஏற்பட்ட நிலநடுக்கம் சென்னையிலும் உணரப்பட்டது. 2002இல் திருத்தப்பட்ட இந்தியத் தரக் குறியீடு சென்னையை இரண்டாம் நிலநடுக்க மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்திற்கு உயர்த்தியது.

எனவே வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்து வீடு வாங்குவோர் தரைக்கல்லின் பளபளப்பை மட்டும் பார்க்க வேண்டாம். கட்டமைப்பு வரைபடத்தைக் கேளுங்கள். அது இப்பகுதியின் நிலநடுக்க மண்டலத்திற்குரியதா எனப் பொறியாளரிடம் காட்டுங்கள். கட்டுமானம் நடக்கையில், தூண்களின் ரிங் கம்பி நுனிகள் 135 பாகை உள்நோக்கி வளைக்கப்பட்டுள்ளனவா எனப் பார்க்கச் சொல்லுங்கள். பிள்ளைகளின் பள்ளியிலும் மதரஸாவிலும் இதையே கேளுங்கள்.

கட்டடத் தொழிலில் உள்ள சகோதரர்களே! அளவையில் குறைப்பது நமக்குத் தடுக்கப்பட்டது. தராசு மட்டுமல்ல, சிமெண்டும் கம்பியும் அளவையே. அதில் செய்யும் குறையை இன்று எவரும் காணமாட்டார். பூமி அதிரும் நாளில் அது வெளிப்பட்டுவிடும். விலை கொடுப்பதோ உள்ளே உறங்கும் குழந்தைகள்.

பிறர் உயிரை அமானிதமாகக் கருதிப் பேணும் மக்களாக அல்லாஹ் நம்மை ஆக்குவானாக! ஆமீன்.