விருந்தும் நீரும்

பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை விட்டதும், பெங்களூரில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குச் சென்னையிலிருந்தும் சேலத்திலிருந்தும் உறவினர் வரத் தொடங்குவர். சமவெளியின் வெயிலுக்குத் தப்பி, இந்நகரின் மாலைக் காற்றை நாடி வருகின்றனர். அவர்கள் வரவால் வீடு கலகலப்பாகிறது. ஆனால், உறவினர் வரும் அதே பருவத்தில்தான் இங்கே தண்ணீரும் அரிதாகிறது. இவ்விரண்டையும் மனக்கசப்பின்றி எவ்வாறு இணக்குவது என்பதைச் சிறிது சிந்திப்போம்.

கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ளது பெங்களூர். இந்த உயரமே நகருக்குக் குளுமையைத் தந்தது. நீரை எட்டாததாக ஆக்கியதும் இதுவே. பேராறு எதுவும் நகரின் அருகே ஓடவில்லை. பண்டு ஏரிகளும் கிணறுகளும் ஊரைக் காத்தன. பின்னர், அர்க்காவதி ஆற்றின் நீர் 1896இல் ஹெசரகட்டாவிலிருந்தும், 1933இல் திப்பகொண்டனஹள்ளியிலிருந்தும் நகருக்கு வந்தது. 1974 முதல் காவிரி நீர் வருகிறது. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்திற்குப் படிப்படியாக இறைத்து அதனை ஏற்றுகின்றனர்.

2023இல் பருவமழை பொய்த்தது. அடுத்த கோடையில் ஆழ்குழாய்க் கிணறுகள் பல வற்றின. 2024 மார்ச்சில், குடிநீரைக் கொண்டு வண்டி கழுவுவதையும் தோட்டத்திற்குப் பாய்ச்சுவதையும் நகரக் குடிநீர் வாரியம் தடை செய்தது. மீறினால் அபராதம் 5,000 ரூபாய். அவ்வாண்டு அக்டோபரில், நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் வழங்கும் காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. எனினும், வளரும் நகரில் சிக்கனத்தின் தேவை நீங்கிவிடுவதில்லை.

இனி நம் வீட்டுக் கணக்கைப் பார்ப்போம். நகரவாசி ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது நம் நாட்டில் வகுக்கப்பட்ட அளவு. உறவினர் நால்வர் பத்து நாள் தங்கினால் 5,400 லிட்டர் கூடுதலாக வேண்டும். அஃதாவது, 6,000 லிட்டர் லாரித் தண்ணீரில் பெரும்பகுதி! இக்கணக்கை அறியாத இல்லத்தரசி, மூன்றாம் நாள் காலையில் தொட்டி வறண்டு கிடப்பதைக் கண்டு திகைக்கிறாள். அதன்பின் பிறக்கும் சொல் எவ்வளவு மென்மையாயினும், வந்தவர் மனத்தைத் தைக்கும்.

ஆதலின் சொல்ல வேண்டியதை முன்னரே சொல்லிவிடுதல் நன்று. குளியலறை வாயிலில் நின்று அத்தையிடம் சொன்னால் அது குறையாகும். அவர் புறப்படுமுன் தொலைபேசியில் பேசும்போதே, "இங்கே இன்ன வேளையில்தான் தண்ணீர் வரும்" என்று சொன்னால் அது செய்தியாகும். வீட்டார் முதலில் கடைப்பிடிக்கும் ஒழுங்கை விருந்தினரும் உவந்து ஏற்பர். தூவாலைக் குழாயை விடுத்து வாளியில் குளித்தல், எல்லோர் துணிகளையும் சேர்த்து ஒரே முறையில் துவைத்தல், வாழையிலையில் பரிமாறித் தட்டுக் கழுவும் நீரை மிச்சப்படுத்தல், குடிநீர் சுத்திகரிக்கும் கருவி கழிக்கும் நீரைப் பிடித்துத் தரை துடைத்தல் ஆகியவை எளியனவே. குழந்தைகளிடம் குழாய்க் காவலை ஒப்படைத்தால் அவர்கள் அதனை விளையாட்டாகவே செய்து முடிப்பர்.

ஒன்றை மட்டும் சுருக்குதல் ஆகாது. வந்தவருக்கு வாயிலிலேயே செம்பு நிறையத் தண்ணீர் தரும் நம் வழக்கம் என்றும் நிலைத்திருக்க வேண்டும். திருக்குறளில் விருந்தோம்பல் ஒன்பதாம் அதிகாரம். மழையைப் போற்றும் வான்சிறப்போ இரண்டாம் அதிகாரம். நீர் இருந்தால்தான் விருந்து உண்டு என்பதை அவ்வரிசையும் நமக்கு நினைவூட்டுகிறது. நீரைப் பேணுவதும் விருந்தினரைப் பேணுவதன் ஒரு பகுதியே எனக் கொள்வோமாக.