முதலெழுத்துக்குப் பின்னால் ஒரு பெயர்

பேத்தமங்களா ஏரியில் தேங்கும் பாலாற்று நீர்தான் சுத்திகரிக்கப்பட்டுக் கோலார் தங்கவயலின் தாகம் தீர்த்தது. அந்நீரைக் குடித்து வளர்ந்த குடும்பங்கள் பல, அதே ஆறு கீழிறங்கிப் பாயும் வட ஆர்க்காட்டுச் சீமையிலிருந்து வந்தவை. 1880ஆம் ஆண்டு ஜான் டெய்லர் நிறுவனம் இங்கே சுரங்கத் தொழிலில் இறங்கியது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. அன்று முப்பது வயதாக இருந்த தொழிலாளியும் இன்று ஐம்பதைக் கடந்துவிட்டார். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வெப்பத்தையும் பாறைவெடிப்பையும் கண்டவர்களின் நினைவுகள் அவர்களோடு மறைந்துகொண்டிருக்கின்றன. திரைப்படங்கள் காட்டும் கே.ஜி.எஃப். வேறு, லைன் வீடுகளின் கதை வேறு.

தமிழர்களாகிய நமக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. நம்மிற் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தையின் பெயர் முதலெழுத்தாகச் சுருங்குகிறது. அடுத்த தலைமுறையில் அந்த எழுத்தும் மாறிவிடுகிறது. பாட்டனாரின் பெயர் பேரனின் எந்த ஆவணத்திலும் இராது. வாரிசுரிமைக் கோரிக்கைகளைப் பரிசீலிக்கையில், ஒரே மனிதரின் பெயர் பணிப்பதிவில் ஒருவிதமாகவும் குடும்ப அட்டையில் வேறுவிதமாகவும் இருப்பதை நாங்கள் காண்கிறோம். இரண்டும் ஒருவரே என்று சொல்லக்கூடிய மூத்தவர் வீட்டில் இல்லையென்றால் அலைச்சல்தான்.

ஆகவே இருப்பவர்களிடம் இப்போதே கேளுங்கள். "உங்கள் வரலாற்றைச் சொல்லுங்கள்" என்றால் எவரும் பேசமாட்டார். எந்தச் சுரங்கம், எந்த ஷிஃப்ட், லைன் வீட்டின் எண் என்ன, குடிநீருக்கு எங்கே வரிசையில் நின்றீர்கள் என்று கேட்டால் பேச்சு தானே வளரும். பாட்டியிடம் தனியாகக் கேளுங்கள். தாத்தா அருகிருந்தால் அவரே பதில் சொல்லிவிடுவார். பூர்விக ஊர் மறந்துபோயிருந்தால் குலதெய்வக் கோயில் எங்கே என்று கேளுங்கள். கிறித்தவக் குடும்பமாயின் தேவாலயத்தின் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளைப் பாருங்கள். பேச்சைக் கைப்பேசியில் பதிவு செய்து, நாளையும் பெயரையும் குறித்துவையுங்கள்.

பழைய சம்பளச் சீட்டு, வருங்கால வைப்புநிதிக் காகிதம், புகைப்படம் எதையும் லேமினேஷன் செய்யாதீர்கள். பிறகு பிரித்தெடுக்க இயலாது. நகல் எடுத்து உடன்பிறந்தார் ஒவ்வொருவருக்கும் ஒன்று தாருங்கள். மூலத்தை லாக்கரில் நகைக்கு அருகிலேயே வைக்கலாம். அதிக இடம் பிடிக்காது.