நுழைவதெல்லாம் பொருந்துமா?

கல்முனைக்கு மேற்கே, வயல்களுக்கு அப்பால் சேனை செய்த முதியோர் வாய்வழி மருந்து கெட்டிக்கும் பழைய துவக்கை நன்கு அறிவர். குழாயின் வாயில் கருமருந்தைக் கொட்டி, தக்கையிட்டு இடித்து, மேலே ஈயச் சன்னங்களைப் போட்டு, மீண்டும் தக்கையால் அடைப்பர். இத்தனையையும் ஒரு சிறு பித்தளைக் கோதுக்குள் அடக்கியதே தோட்டா. அக்கோதைப் பற்றியே இன்று நாம் பேச விரும்புகிறோம்.

தோட்டாவுக்கு உறுப்புகள் நான்கு: கோது, அதன் அடியில் தீமூட்டும் கேப்பு, உள்ளே மருந்து, வாயில் குண்டு. சுடும்போது மருந்து நொடிப்பொழுதில் எரிந்து வாயுவாகிறது. அதன் அழுத்தத்தால் கோது விரிந்து, துப்பாக்கி அறையின் சுவரோடு ஒட்டி, வாயு பின்னே கசியாமல் தடுக்கிறது. அழுத்தம் தணிந்ததும் சற்றே சுருங்கி எளிதில் வெளியே வருகிறது. நூற்றுக்கு 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளைக்கு இக்குணம் சிறப்பாக வாய்த்திருக்கிறது. ஆகவே வெறுங்கோதை மீண்டும் நிரப்பலாம். அமெரிக்கா முதலிய நாடுகளில் சட்டத்துக்கு உட்பட்டு இதனைச் செய்வோர் பலர்.

அரிய துப்பாக்கியாயின் கோது கிடைப்பதே அரிது. பிரித்தானியப் படை 1887இல் ஏற்றுக்கொண்ட வெப்லி சுழல் துப்பாக்கியைப் பாருங்கள். அதற்குரிய ‘.455’ தோட்டா 1947 அளவில் படையிலிருந்து விடைபெற்றது. பழைய வெப்லியை வைத்திருப்போர் சிலர், 1873ஆம் ஆண்டு முதல் வழங்கிவரும் ‘.45 கோல்ட்’ தோட்டாவின் நீண்ட கோதைக் குறுக அறுத்து, தடித்த அடிவிளிம்பைக் கடைசல் இயந்திரத்தில் மெலிதாக்கித் தமக்கு வேண்டிய கோதை உண்டாக்கிக்கொள்கின்றனர். பலமுறை விரிந்து சுருங்கிய பித்தளை இறுகிப் பிளக்கும். கன்னார் குடத்தைத் தட்டுமிடையே காய்ச்சி இளக்குவதுபோல, கோதின் வாயையும் சூடாக்கி இளக்குவர். அடிப்பாகம் இளகிவிட்டாலோ ஆபத்து!

மருந்தின் கதையும் உண்டு. கருமருந்துக்குப் பின் வந்தது புகை குறைந்த கோர்டைட். நீலகிரியில் அருவங்காட்டில் 1903இல் நிறுவப்பட்ட தொழிற்சாலை அதன் பெயரையே தாங்கி நின்றது. கருமருந்து கோதை நிறைத்து நிற்கும். கோர்டைட்டோ சிறிய அளவிலேயே அவ்வேலையை முடித்தது. எனவே 1897இல் வெப்லித் தோட்டாவின் கோதையே குட்டையாக்கினர். இன்றைய புகையற்ற மருந்துகளும் அத்தகையனவே. கவனம் பிசகி இருமுறை கொட்டினாலும் கோது வழியாமல் இருக்கக்கூடும். அந்தப் பிழை சுடும்போதுதான் தெரியவரும்; துப்பாக்கி கையிலேயே சிதறும்.

இன்னொரு பிழையும் நிகழ்ந்தது. ‘.45 ஏசிபி’ என்னும் அமெரிக்கத் தோட்டா நுழையும்படி பல வெப்லிகளின் உருளைகளைப் பின்புறம் கடைந்து விட்டனர். தோட்டா நுழைந்தது, ஆயினும் அதன் அழுத்தம் அத்துப்பாக்கி தாங்க வகுக்கப்பட்ட அளவினும் மிகுதி. உள்ளே நுழைந்தது என்பதனாலேயே அது பொருத்தமானது ஆகிவிடுமா?

கைத்திறன் வேறு, அளவறிதல் வேறு. கோதை அறுக்கவும் தேய்க்கவும் பழகிய கைக்குக்கூட மருந்தின் அளவை அனுமானத்தால் அறிய முடியாது. ஆதலாற்றான் எம் நாட்டில் 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டமும் 1956ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டமும் இத்தொழில்களை அனுமதிப்பத்திரத்துக்குள் அடக்கி வைத்துள்ளன. காட்டுப்பன்றிக்கெனச் சேனையோரத்தில் கட்டிய துவக்கு, அவ்வழியே சென்ற மனிதரை வீழ்த்தியதும் உண்டல்லவா? மருந்துக்கு மனிதரென்றும் விலங்கென்றும் தெரியாது. தெரிந்திருக்க வேண்டியவர் அதனைக் கெட்டிப்பவரே.