பூக்காத செடியும் ஒன்பது வருஷமும்



ரோஜா, மல்லி, செம்பருத்தி வளர்ப்பது பற்றி எத்தனையோ பேர் இந்தப் பகுதியில் எழுதியிருக்கிறீர்கள். நான் எழுதப் போவது பூச்சி தின்னும் செடியைப் பற்றி. சிரிக்காதீர்கள். அதைப் பூக்க வைக்க எனக்கு ஒன்பது வருஷம் ஆயிற்று.

2015-இல் என் நாத்தனார் மகள் கல்லூரி விடுமுறைக்கு வந்தபோது ஒரு சின்னத் தொட்டியைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். "மாமி, இது குடுவைச் செடி. நர்சரியில் வளர்த்த கலப்பு ரகம். பத்திரமா பாத்துக்கோங்க" என்றாள். இலை நுனியில் இருந்து கொடி மாதிரி நீண்டு, அதன் முனையில் மூடி போட்ட சின்னச் சொம்பு தொங்கியது. எறும்பும் ஈயும் அதன் வாயில் ஊறும் தேனுக்கு வரும், வழுக்கி உள்ளே விழும், அங்கே இருக்கும் நீரில் கரைந்து செடிக்கு உரமாகும்.

என் மாமியாருக்குப் பார்த்ததுமே பிடிக்கவில்லை. "உயிரைக் கொல்ற செடி வீட்டுக்கு ஆகாதும்மா" என்றார். "அத்தை, நம்ம தறியில ஓடுற பட்டு மட்டும் எங்கேருந்து வருது? அதுவும் புழுவோட கூடுதானே?" என்றேன். பதில் இல்லை. ஆனால் செடி மாடிப்படிக்கு அடியில் ஒதுங்கியது.

நான் செய்த தப்புகளை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு உதவும்.

முதல் தப்பு, செம்மண்ணும் மண்புழு உரமும் போட்டது. இந்தச் செடிகள் காட்டில் சத்தே இல்லாத மண்ணில் வளர்பவை. மண்ணில் கிடைக்காத சத்துக்காகத்தான் பூச்சி பிடிக்கின்றன. உரம் போட்டால் வேர் வெந்துவிடும். இப்போது நன்றாக அலசி உப்பு எடுத்த தென்னை நார்த்தூளும், தேங்காய் மட்டைத் துண்டும், பெர்லைட்டும்தான் போடுகிறேன்.

இரண்டாவது தப்பு தண்ணீர். எங்கள் வீட்டு போர் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். அதையே ஊற்றினேன். இலை நுனி கருகி, ஒரு வருஷம் குடுவையே வரவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையை டிரம்மில் பிடித்து மூடி வைத்துக்கொண்டேன். அது தீர்ந்தால் ஏ.சி.யில் இருந்து சொட்டும் தண்ணீர். ஃபில்டர் தண்ணீரும் ஊற்றலாம், ஆனால் ஃபில்டரில் இருந்து வெளியேறும் கழிவுத் தண்ணீர் கூடவே கூடாது.

மூன்றாவது, பக்கத்து வீட்டுக் குழந்தை ஆசையாக அவித்த முட்டைத் துண்டைக் குடுவைக்குள் போட்டது. இரண்டே நாளில் அழுகி நாறிவிட்டது. அதற்கு வேண்டியதை அதுவே பிடித்துக்கொள்ளும், நாம் ஊட்ட வேண்டாம்.

நான்காவதுதான் பெரிய தப்பு. 2019-இல் கொடி மெலிந்து நீளமாகப் போகிறதே என்று நுனியை வெட்டிவிட்டேன். நாத்தனார் மகள் தலையில் அடித்துக்கொண்டாள். "மாமி, கொடி ஏறி முதிர்ந்தால்தான் இது பூக்கும்." அடியில் இருந்து புதுத் தளிர் வந்து, முதலில் இருந்து ஏற வேண்டியதாயிற்று. அதன் பிறகு கத்தரிக்கோல் எடுக்கவே இல்லை. தறியில் கழித்துப் போட்ட மூங்கிலை நட்டு ஏற்றிவிட்டேன். இருட்டில் இருந்ததை மாடியில் கிழக்குப் பக்கம், பச்சை வலைக்குக் கீழே வெளிச்சத்துக்கு மாற்றினேன். அக்னி நட்சத்திரத்தில் துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் ஈரக் காற்றில் இறக்கி வைத்து, சாயங்காலம் தண்ணீர் தெளிப்பேன்.

அவள் சொல்லித் தெரிந்துகொண்ட சில விஷயங்களும் உண்டு. இந்தியாவில் காட்டில் தானாக வளரும் குடுவைச் செடி ஒரே இனம்தான். மேகாலயாவின் காரோ, காசி, ஜெயந்தியா மலைகளில் இருக்கும் நெபெந்தஸ் காசியானா. காரோ மக்கள் அதை 'மேமாங் கோக்சி', அதாவது பேயின் கூடை என்கிறார்கள். அழியும் நிலையில் உள்ளதால் சட்டப்படி பாதுகாக்கப்பட்டது. காட்டில் பிடுங்கியதை யார் விற்றாலும் வாங்காதீர்கள். கேரளத்தில் பாலோட்டில் உள்ள தாவரவியல் தோட்ட ஆராய்ச்சி நிலையத்தார் 1994-இலேயே இதைத் திசு வளர்ப்பில் பெருக்கும் முறையை வெளியிட்டார்கள். குடுவையின் வாய் விளிம்பு புற ஊதா ஒளியில் நீலமாக ஒளிர்வதை 2013-இல் கண்டு சொன்னவர்களும் அவர்களே. நம் ஏரி குளங்களிலும் மழைக்குப் பின் தண்ணீருக்கு மேல் மஞ்சள் பூவை நீட்டும் ஒரு பாசி மாதிரிச் செடி உண்டு. தண்ணீருக்குள் குட்டிப் பைகளை வைத்துப் பூச்சி பிடிக்கும். நாம்தான் கவனிப்பதில்லை.

இனி என் கதை. எனக்குக் கல்யாணமாகி 22 வருஷம். குழந்தை இல்லை. ஏகாம்பரநாதர் கோயில் மாமரத்தைச் சுற்றாத வெள்ளிக்கிழமை இல்லை. டாக்டரிடமும் போனேன், நான் மட்டும். ஊசி, மாத்திரை, ஸ்கேன் எல்லாம் எனக்கே. என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டால், "எனக்கு என்ன குறை?" என்று தறிக்குழியில் இறங்கிவிடுவார். அதற்கு மேல் கேட்க அந்த வயசில் எனக்குத் தைரியம் இல்லை. விசேஷ வீடுகளில் ஆரத்தித் தட்டை என்னைத் தாண்டி இன்னொருத்தி கையில் கொடுப்பார்கள். மாமியார் கெட்டவர் இல்லை. ஆனாலும் ஒருநாள் செடியைப் பார்த்து, "பூக்காததை எதுக்கும்மா இத்தனை வருஷம் கட்டிக் காக்கிற?" என்றார். செடியைத்தான் சொன்னாரா என்று ராத்திரி முழுக்க யோசித்தேன்.

2024 ஆடி மாதம் கொடி நுனியில் ஒரு காம்பு நிமிர்ந்தது. பத்து நாளில் ஒரு சாணுக்கு மேல் நீண்டது. கீழிருந்து ஒவ்வொன்றாகக் குட்டிப் பூ. இதழே கிடையாது, நாலு மடல் மட்டும், மாந்தளிர் நிறம். வாசனை என்று சொல்ல ஒன்றுமில்லை. தலையிலும் வைக்க முடியாது, சாமிக்கும் ஆகாது. ஆனாலும் மாடிக்கு ஓடிப் போய் மாமியாரைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன். "அப்போ இந்தச் சொம்பு பூ இல்லையா?" என்று கேட்டார். "இல்ல அத்தை, அது இலை. இதுதான் பூ" என்றேன். முட்டி வலியோடு தினமும் ஏறி வந்து பார்த்தார்.

மூன்று வாரம் கழித்துப் பூவெல்லாம் காய்ந்து உதிர்ந்தது. "காய் பிடிக்கலியே, செடியில ஏதும் குறையா?" என்றார் மாமியார். நான் சொன்னேன்: "அத்தை, இதுல ஆண் செடி தனி, பெண் செடி தனி. பூத்தால்தான் எதுன்னு தெரியும். ஆண் பூவுல மஞ்சளா மகரந்தம் இருக்கும். இதுல இல்ல, நடுவுல பச்சைச் சூல்தான் இருந்துச்சு. அதனால இது பெண் செடி. பக்கத்துல ஆண் செடியும் அதே நேரம் பூத்தாதான் விதை பிடிக்கும்."

ரொம்ப நேரம் பேசாமல் நின்றார். அப்புறம், "அப்போ இது மேல தப்பில்லையே" என்றார். என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். படியிறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு ராத்திரி தன் மகனிடம், "அந்தக் காலத்துலயே நீயும் டாக்டர்கிட்ட போயிருக்கணும்டா" என்று சொன்னது எனக்குச் சமையலறையில் கேட்டது. அவர் பதில் சொல்லவில்லை. எனக்கு இப்போது 46 வயசு. இனி என்ன ஆகப்போகிறது என்று கேட்கலாம். ஆனால் 22 வருஷமாக என் மேல் மட்டும் இருந்த பாரம் அன்றைக்குக் கொஞ்சம் இறங்கியது.

இப்போது டிரம்மைத் திறந்து, "இது மழைத் தண்ணிதானே?" என்று கேட்டு ஊற்றுவது மாமியார்தான். பூத்ததால் கொடி சாகவில்லை, அடியில் புதுத் தளிர் விட்டிருக்கிறது.

சகோதரிகளே, இந்தச் செடியை வளர்க்க ஆசைப்பட்டால் மழைத் தண்ணீரும் வெளிச்சமும் பொறுமையும் போதும். கல்யாணமாகிக் குழந்தைக்குக் காத்திருப்பவர்களுக்கு இன்னொன்று சொல்வேன். குறை இரண்டு பக்கமும் இருக்கலாம், யாரிடமும் இல்லாமலும் இருக்கலாம். டாக்டரிடம் தனியாகப் போகாதீர்கள். இரண்டு பேராகப் போங்கள்.

— ஒரு வாசகி, பெரிய காஞ்சிபுரம்