இரண்டு நெட் லைன் போட்டால் வேகம் கூடுமா?

ஒரு லைன் 100 எம்பிபிஎஸ், இன்னொன்று 50. இரண்டையும் ‘டூயல் வான்’ ரூட்டரில் செருகிவிட்டால் 150 கிடைக்கும் என்றுதான் பலரும் கணக்குப் போடுகிறார்கள். ஆனால், ஒரு பெரிய கோப்பை இறக்கிப் பார்த்தால் 100-ஐத் தாண்டாது. ராசியில்லாவிட்டால் 50-லேயே நிற்கும். ரூட்டர் பழுது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். அது தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்கிறது.

காரணம், முகவரி. ஒவ்வொரு நிறுவனமும் தன் லைனுக்குத் தனி ஐபி முகவரி தருகிறது. ஒரு சர்வருடன் தொடங்கிய தொடர்பு, முடியும்வரை ஒரே முகவரியிலிருந்து போக வேண்டும். பாதியில் வேறு முகவரியிலிருந்து தகவல் போனால், யாரோ எவரோ என்று மறுமுனை தள்ளிவிடும். அதனால் ரூட்டர் ஒரு தொடர்பைப் பிரிப்பதில்லை, தொடர்புகளைப் பங்குபோடுகிறது. பெரிய லைனுக்கு இரண்டு, சின்ன லைனுக்கு ஒன்று என்று 2:1 கணக்கு வைக்கலாம். இருபது பேர் வேலை பார்க்கும் அலுவலகத்தில் இது நன்றாகவே கைகொடுக்கும். வீட்டில் ஒருவர் மட்டும் படம் இறக்கினால் பலன் சொற்பம். டோரன்ட் போலப் பல தொடர்புகளில் துண்டு துண்டாக இறக்கும் மென்பொருள்கள் இதற்கு விதிவிலக்கு.

ஒரே தொடர்பை இரண்டு வழியில் அனுப்பும் ‘மல்டிபாத் டிசிபி’ முறை 2013-லேயே வந்துவிட்டது. ஆப்பிள் அதைத் தன் ‘சிரி’ குரல் உதவியாளரில் பயன்படுத்தியது. ஆனால் மறுமுனை சர்வரும் அதற்கு ஒத்துவர வேண்டுமே!

அதிகம் தொல்லை தருபவை வங்கித் தளங்கள். லாகின் ஒரு லைனிலும் அடுத்த கிளிக் மற்றதிலும் போனால், ஆள் மாறிவிட்டதாகச் சந்தேகித்துச் சில தளங்கள் வெளியே தள்ளிவிடும். ஒரு கணினியிலிருந்து ஒரு தளத்துக்குப் போகும் தொடர்புகளை ஒரே லைனில் நிறுத்தும் வசதி பல ரூட்டர்களில் உண்டு. அதைவிட, வங்கித் தளங்கள் எப்போதும் இந்த லைனில்தான் என்று விதி எழுதிவிடுவது நிம்மதி.

இன்னொரு சிக்கல் கண்ணுக்குத் தெரியாதது. மோடத்தில் விளக்கு பச்சையாக எரியும். அதற்கு அப்பால் நெட் செத்திருக்கும். விளக்கை நம்பும் ரூட்டர், செத்த லைனிலும் தொடர்புகளைத் தள்ளிக்கொண்டே இருக்கும். சில தளங்கள் திறக்கும், சில திறக்காது. ரீஃப்ரெஷ் செய்தால் திறக்கும். இந்தக் குழப்பம் வந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். முதல் லைன் வழியாக 8.8.8.8, இரண்டாவது வழியாக 1.1.1.1 என்று வெளியே உள்ள முகவரிகளைச் சில நொடிகளுக்கு ஒருமுறை ‘பிங்’ செய்து, பதில் வராத லைனை ஒதுக்கும்படி ரூட்டரில் அமையுங்கள். மோடத்தின் சொந்த முகவரியைக் கொடுத்தால் பயனில்லை. நெட் இல்லாதபோதும் அது பதில் சொல்லும்.

இரண்டாவது லைன் எடுப்பதற்கு முன் தெருவில் இறங்கிக் கம்பத்தைப் பாருங்கள். நிறுவனம் வேறானாலும் இரண்டு ஃபைபரும் ஒரே கம்பம் வழியாகத்தான் வருகின்றன என்றால், ஒரு லாரி உரசினால் இரண்டும் சேர்ந்தே அறுந்துவிடும். அங்கே இரண்டாவது லைனுக்கு 4ஜி அல்லது 5ஜி சிம் போடும் ரூட்டரே மேல்.